சுஸ்வாவில் நிற்கும் ரயில், சுஸ்வாவுக்கு வரும் மின்சாரம்: கென்யாவும் எத்தியோப்பியாவும் அரசுப் பணத்தை எதில் போட்டன?

நைரோபியிலிருந்து வடமேற்கே மலைச்சரிவில் இறங்கிப் பிளவுப் பள்ளத்தாக்குக்குள் போனால் சுஸ்வா என்றொரு ஊர் வரும். மாசாய் மக்கள் மாடு மேய்க்கும் வறண்ட வெளி, பின்னால் ஒரு பழைய எரிமலை. சீனக் கடனில் கென்யா போட்ட புது ரயில் பாதை மொம்பாசா துறைமுகத்தில் தொடங்கி, நைரோபியைத் தாண்டி, 2019-இல் இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. உகாண்டா எல்லைவரை போக வேண்டிய பாதை அது. அடுத்த கட்டத்துக்குச் சீனா கடன் கொடுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் பாதை அங்கேயே நின்றது.

இதே சுஸ்வாவில்தான் இன்னொரு பாதையும் முடிகிறது. எத்தியோப்பியாவின் வொலாய்ட்டா சோடோவில் கிளம்பி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி வரும் 500 கிலோவோல்ட் மின்பாதை. 2022-இன் கடைசியிலிருந்து இதன் வழியாகக் கென்யா 200 மெகாவாட் மின்சாரத்தை அண்டை நாட்டிடமிருந்து வாங்குகிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் இரண்டு பெரிய பொருளாதாரங்கள் முப்பது ஆண்டுகளாக அரசுப் பணத்தை எப்படி மண்ணில் போட்டன என்று கேட்டால், நான் இந்த ஊரைத்தான் காட்டுவேன். முதலீட்டுக் கோட்டு வரைபடத்தைக் காட்டினாலும் விடை கிடைக்கும். ஆனால் அது பாதி விடை. உள்நாட்டு உற்பத்தியில் அரசு முதலீடு எத்தனை விழுக்காடு என்று கோடு போட்டால், 2000-க்குப் பிறகு எத்தியோப்பியக் கோடு விறுவிறுவென்று ஏறுகிறது, கென்யக் கோடு கீழேயே தவழ்ந்து வருகிறது. ‘எத்தியோப்பிய அரசு நிறைய முதலீடு செய்தது, கென்யா குறைவாகச் செய்தது’ என்று அதோடு பலர் கடையைக் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பணம் யாருடைய பையிலிருந்து, எந்த வழியாக வந்தது என்பதைக் கோடு சொல்வதில்லை. பின்னால் இரண்டு நாடுகளும் மாட்டிக்கொண்ட சிக்கல்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்பட்டன.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். அரசு நிலை முதலீடு என்பது ஓர் ஆண்டில் அரசு புதிதாகக் கட்டியதும் வாங்கியதும்: சாலை, அணை, பள்ளிக்கூடம், மருத்துவமனைக் கருவி, அலுவலகக் கணினி. ஆசிரியரின் சம்பளம் இதில் வராது, அவர் பாடம் நடத்தும் வகுப்பறை வரும். இது ஓர் ஆண்டின் கணக்கு. பல ஆண்டு முதலீடு சேர்ந்து, தேய்மானம் கழிந்து மீதி நிற்பது அரசு மூலதன இருப்பு. குழாயில் விழும் தண்ணீருக்கும் தொட்டியில் நிற்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம்தான். சர்வதேச நாணய நிதியம் பெரும்பாலான நாடுகளுக்கு 1960-இலிருந்து இரண்டையும் மதிப்பிட்டு ஒரு தரவுத் தொகுப்பாக வைத்திருக்கிறது.

சிக்கல் ‘அரசு’ என்ற சொல்லில்தான். மொயாலே என்று ஓர் எல்லை ஊர் இருக்கிறது. ஒரே ஊர், நடுவில் எல்லைக்கோடு. கென்யப் பக்கத்தில் நிற்கும் சஃபாரிகாம் செல்போன் கோபுரம் தனியார் முதலீட்டுக் கணக்கில் ஏறும், ஏனென்றால் அந்த நிறுவனத்தில் கென்ய அரசுக்குச் சிறுபான்மைப் பங்குதான். எத்தியோப்பியப் பக்கத்தில் நிற்கும் எத்தியோ டெலிகாம் கோபுரமோ அண்மைக்காலம் வரை முழுக்க அரசுடைய நிறுவனத்தின் சொத்து. பொதுத்துறை நிறுவனங்களையும் சேர்த்து எண்ணும் அட்டவணையில் அது அரசு முதலீடு. பட்ஜெட்டில் வரும் அரசை மட்டும் எண்ணும் அட்டவணையில் அது அரசு முதலீட்டில் இருக்காது. சில சமயம் மிச்சக் கணக்கில் விழுந்து, தனியார் முதலீடு போலவே தெரியும். ஒரே இரும்பு, ஒரே உயரம், மூன்று பெயர். இரு நாடுகளை ஒப்பிடும் எந்த அட்டவணையைக் கையில் எடுத்தாலும் அதில் எத்தியோப்பிய மின்வாரியமும் ரயில் கழகமும் சர்க்கரைக் கழகமும் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கின்றன என்று முதலில் தேடுங்கள்.

சரி, காலவரிசைக்கு வருவோம். 1963-இல் விடுதலை பெற்ற கென்யா முதல் இருபது ஆண்டுகள் நன்றாகவே முதலீடு செய்தது. காபி விலை எகிறிய 1976-77 காலத்தில் கையில் பணமும் புரண்டது. எண்பதுகளில், கடன் கொடுத்த உலக வங்கியும் நாணய நிதியமும் கேட்ட ‘கட்டமைப்புச் சீரமைப்பு’ என்ற பெயரில் செலவுக்குக் கத்தரி விழுந்தது. 1991 நவம்பரில் ஊழலையும் ஒரு கட்சி ஆட்சியையும் காரணம் காட்டி மேற்கத்திய நாடுகள் உதவியை நிறுத்தின. பட்ஜெட்டில் பற்றாக்குறை வந்தால் எந்த அரசும் முதலில் கை வைப்பது முதலீட்டில்தான். சம்பளத்தை நிறுத்தினால் ஊழியர்கள் தெருவுக்கு வருவார்கள், பாலத்தைக் கட்டாமல் விட்டால் யாரும் உடனே வர மாட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் எல் நீனோ மழை வந்தபோது, பராமரிப்பே பார்க்காத சாலைகள் அடித்துக்கொண்டு போயின. துறைமுகத்துக்கும் தலைநகருக்கும் இடையிலான நாட்டின் முதுகெலும்புச் சாலையே பல இடங்களில் மண் பாதையாகிவிட்டது.

எத்தியோப்பியாவின் அந்தக் காலம் இன்னும் மோசம். 1974 முதல் 1991 வரை ஆண்ட டெர்க் ராணுவ அரசு எல்லாவற்றையும் தேசியமயமாக்கியது, கிடைத்ததைப் போரில் கொட்டியது. 1991-இல் கெரில்லாப் படைகள் அடிஸ் அபாபாவைப் பிடித்தபோது அவர்கள் கையில் வந்தது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. தொண்ணூறுகளின் நடுவில் வரைபடத்தை நிறுத்திப் பார்த்தால் இரண்டு கோடுகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் தொட்டியில் இருந்த தண்ணீர் வேறு. காலனிய ரயில், துறைமுகம், நைரோபி நகரம் என்று கென்யாவிடம் பழைய இருப்பு இருந்தது. எத்தியோப்பியாவிடம் மொத்தமே சுமார் 26,000 கிலோமீட்டர் சாலைதான், இத்தனை பெரிய நாட்டுக்கு. எரித்திரியா பிரிந்துபோனதில் கடற்கரையும் போயிற்று.

அங்கிருந்துதான் பாதைகள் பிரிகின்றன. எத்தியோப்பியாவை ஆண்ட மெலெஸ் ஜெனாவி கிழக்காசியாவைப் பார்த்து ‘வளர்ச்சி அரசு’ என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டார். சந்தை தானாக அணை கட்டாது, அரசு கட்ட வேண்டும் என்பது அவருடைய உறுதி. 1997-இல் தொடங்கிய சாலைத் திட்டத்தால் 2015 வாக்கில் சாலைகளின் நீளம் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. கிராமச் சாலைகளையும் சேர்த்த கணக்குதான், இருந்தாலும் சாதனைதான். 2010-இல் ஐந்தாண்டு ‘வளர்ச்சி, மாற்றத் திட்டம்’ வந்தது. (எத்தியோப்பிய நாள்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடுகிறது. அங்குள்ள அரசு ஆவணத்தில் இந்தத் திட்டம் 2003-இல் தொடங்கியதாக இருக்கும். இதைக் கவனிக்காமல் தரவை ஒட்டினால் கோடுகள் ஏழெட்டு ஆண்டு தள்ளிப்போய் உட்காரும்.) 2013-இல் உலக வங்கி ஒரு கணக்குச் சொன்னது: அரசு முதலீட்டு விகிதத்தில் எத்தியோப்பியா உலகிலேயே மூன்றாவது உயர்ந்த இடம், தனியார் முதலீட்டு விகிதத்தில் கீழிருந்து ஆறாவது இடம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த நாடு புரியும். 2015 வாக்கில் மொத்த முதலீடு உள்நாட்டு உற்பத்தியில் 40 விழுக்காட்டை நெருங்கியது. கென்யாவில் அது 20 விழுக்காட்டைச் சுற்றியே இருந்தது.

ஏழை நாட்டில் அவ்வளவு பணம் ஏது? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அடிஸ் அபாபாவில் ஒரு தனியார் வங்கி. ஒரு வியாபாரிக்கு 100 பிர் (எத்தியோப்பிய நாணயம்) கடன் கொடுக்கிறது. 2011 ஏப்ரலில் வந்த உத்தரவின்படி அந்த 100 பிருக்கு 27 பிர் என்ற கணக்கில் மத்திய வங்கியின் பத்திரத்தை அது வாங்கியாக வேண்டும். ஐந்தாண்டுப் பத்திரம், வட்டி ஆரம்பத்தில் 3 விழுக்காடு. அதே வங்கி சேமிப்புக்காரருக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச வட்டி 5 விழுக்காடு. பத்திரத்தில் நஷ்டம் உறுதி. சரி, சேமிப்புக்காரருக்கு லாபமா என்றால் அதுவும் இல்லை, அந்த ஆண்டு விலைவாசி 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. வங்கியில் போட்ட பணம் கண்ணெதிரே கரைந்தது. கரைந்தது எங்கே போயிற்று? அரசுத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் வளர்ச்சி வங்கி வழியாக, அரசு வணிக வங்கி வழியாக, அணைக்கும் தண்டவாளத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும். 27 விழுக்காட்டு விதி 2019 நவம்பர் வரை இருந்தது.

இதைச் சட்டம் வரி என்று சொல்லவில்லை. நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு இல்லை, ரசீது இல்லை. ஆனால் சேமிப்புக்காரருக்கும், மலிவான பிர் விகிதத்தில் அரசு எடுத்துக்கொண்டதால் டாலர் கிடைக்காமல் தவித்த இறக்குமதியாளருக்கும் அது வரிதான். முறையான வரி வசூலோ பின்னாளில் உள்நாட்டு உற்பத்தியில் 7 விழுக்காட்டை ஒட்டிச் சரிந்தது.

நீல நைலில் கட்டிய மறுமலர்ச்சி அணைக்கு மட்டும் இந்தக் கண்ணாமூச்சி கொஞ்சம் விலகியது. 2011 ஏப்ரல் 2-இல் அடிக்கல். எகிப்தோடு தண்ணீர்த் தகராறு இருந்ததால் உலக வங்கி போன்றவை பக்கத்தில் வரவில்லை. அரசு ஊழியர்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தவணையாகப் பத்திரத்துக்குக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்பதா, பிடித்துக்கொண்டார்கள் என்பதா என்பது கேட்கும் ஆளைப் பொறுத்தது. 8100 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியும் மக்கள் பணம் சேர்த்தார்கள். இடையில் ராணுவத் தொழில் கழகமான மெடெக் கையில் வேலை இழுபட்டு, 2018-இல் பிரதமர் அபிய் அகமது அதனிடமிருந்து ஒப்பந்தத்தைப் பிடுங்கினார். கடைசியில் 2025 செப்டம்பர் 9-இல் 5,150 மெகாவாட் திறனோடு அணை திறக்கப்பட்டது. தெருக்கோடிக் கடைக்காரரும் ‘என் அணை’ என்று சொல்லும் பொதுச்சொத்து ஆப்பிரிக்காவில் வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை.

கென்யாவின் வழி வேறு. 2002 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து அதிபராக வந்த மவாய் கிபாகி பொருளாதாரம் படித்தவர். வரி வசூலைத் தேற்றினார், சாலைகளைத் திரும்பப் போட்டார். 2009-இல் அரசு முதன்முதலாக உள்கட்டமைப்புப் பத்திரம் வெளியிட்டபோது கேட்டதைவிட அதிகமாகப் பணம் குவிந்தது. சந்தை வட்டி கொடுத்தால் மக்கள் தாமாகவே கொடுப்பார்கள் என்று தெரிந்தது. திகா நெடுஞ்சாலை வந்தது. வடக்கே இசியோலோவிலிருந்து மொயாலே வரை சுமார் 500 கிலோமீட்டருக்குத் தார் போட்டார்கள். அதற்கு முன் லாரிகள் காவல் துணையோடு கூட்டமாகக் கற்சாலையில் நாள்கணக்கில் ஊர்ந்த தடம் அது. கென்யாவின் முதலீடுகளில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், ரயிலை அல்ல.

ரயில் பிறகு வந்தது. 2014-இல் கென்யா 200 கோடி டாலருக்கு யூரோபாண்ட், அதாவது வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் விற்கும் டாலர் கடன் பத்திரம், வெளியிட்டது. மொம்பாசா–நைரோபி 472 கிலோமீட்டர் பாதைக்கு சுமார் 32,700 கோடி ஷில்லிங் செலவு, அதில் 90 விழுக்காடு சீன ஏற்றுமதி-இறக்குமதி வங்கியின் கடன். இறக்குமதிச் சரக்குகள் மேல் 1.5 விழுக்காடு ரயில் வளர்ச்சித் தீர்வை 2013-லேயே போட்டுவிட்டார்கள். 2017 மே 31-இல் ரயில் ஓடியது. பயணிகளுக்குப் பிடித்துப்போயிற்று. சரக்குதான் வரவில்லை. கொள்கலன்கள் ரயிலில்தான் போக வேண்டும் என்று அரசு உத்தரவு போட, மொம்பாசா லாரிக்காரர்களும் சரக்கு முகவர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். அப்போதைய நாணய நிதிய அறிக்கைகளில் கென்யாவின் பற்றாக்குறைக்கு இரண்டு எண் இருக்கும், ரயில் பாதையைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. ஒரே ஒரு திட்டம் நாட்டின் முதலீட்டுக் கோட்டையே தூக்கிக் காட்டுகிறது என்றால், அந்தக் கோட்டில் இருக்கும் மேட்டை ‘போக்கு’ என்று படிக்கக் கூடாது.

கென்யாவின் கணக்கில் இன்னொரு அடுக்கும் உண்டு. 2010 அரசியல் சட்டத்துக்குப் பிறகு 2013-இலிருந்து 47 உள்ளூர் அரசுகள். பட்ஜெட்டில் குறைந்தது 30 விழுக்காடு வளர்ச்சிச் செலவுக்கு என்று சட்டம் சொல்கிறது. பல உள்ளூர் அரசுகள் அதைத் தொடுவதில்லை. நைரோபியின் உயர்மட்ட விரைவுச்சாலையோ பட்ஜெட்டுக்கே வரவில்லை. 2022-இல் திறந்த அந்த 27 கிலோமீட்டரைக் கட்டியது சீன நிறுவனம், சுங்கம் வசூலிப்பதும் அதுவே. மேலே ஓடுவது பொதுச் சாலை மாதிரி இருக்கும். புள்ளிவிவரத்தில் அரசு–தனியார் கூட்டு என்ற தனிப் பெட்டி.

எத்தியோப்பியா முதலில் இருமியது. ஜிபூத்திவரை சுமார் 750 கிலோமீட்டர் மின்சார ரயில் 2016-இல் திறந்தது, ஏற்றுமதி வருமானம் கடனைக் கட்டப் போதவில்லை. 2018-இல் சீனா அந்தக் கடனின் தவணைக் காலத்தை 10 ஆண்டிலிருந்து 30 ஆண்டாக நீட்டியது. அடிஸ் நகர ரயிலுக்கு வாங்கிய 41 வண்டிகளில் பெரும்பாலானவை உதிரி பாகத்துக்கு டாலர் இல்லாமல் கொட்டகையில் நின்றன. குழாயைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் தொட்டியின் ஓட்டையைக் கவனிக்கவில்லை என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் ஓர் உதாரணம் வேண்டாம். வாங்கிய ஆண்டில் 41-ம் முதலீடாக ஏறிவிட்டன, நின்றுபோனதை அந்தக் கோடு காட்டாது. அப்புறம் நாட்டின் வடக்கே திக்ரே பகுதியில் உள்நாட்டுப் போர், 2020 முதல் 2022 வரை. பொதுத்துறைக் கடன்களைத் தூக்கி வைக்க 2021-இல் ஒரு தனிக் கழகத்தையே தொடங்கினார்கள். 2023 டிசம்பரில் 3.3 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்டாமல் நாடு தவறியது. 2024 ஜூலை 29-இல் பிரின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட, டாலருக்கு 57 பிர் இருந்தது சில வாரங்களில் நூறைத் தாண்டியது.

கென்யா தவணை தவறவில்லை. அதன் நெருக்கடி வேறு வாசல் வழியாக வந்தது. 2014-இல் வாங்கிய யூரோபாண்ட் 2024 ஜூனில் முடிய வேண்டும். அதைச் சமாளிக்க பிப்ரவரியில் 9.75 விழுக்காடு வட்டிக்கு 150 கோடி டாலர் புதுக் கடன். ஜூனில் ரொட்டி முதல் சமையல் எண்ணெய் வரை வரி போடும் நிதி மசோதா. இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், 25-ஆம் தேதி நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள், பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் அதிபர் ரூட்டோ மசோதாவைக் கைவிட்டார். வருமானம் குறைந்ததும் மறுபடி வெட்டு விழுந்தது எதில் என்று சொல்ல வேண்டியதில்லை, வளர்ச்சிச் செலவுக்கும் பங்கு உண்டு.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்குப் படுவது இது. கென்யாவில் முதலீட்டின் விலை ரசீதில் அச்சாகி வந்தது, ஆகவே கோபத்துக்கு ஒரு முகவரி இருந்தது. எத்தியோப்பியாவில் விலை சேமிப்புப் புத்தகத்திலும் சந்தைக் கூடையிலும் ஒளிந்திருந்தது. அதனால்தான் அங்கே கோடு அவ்வளவு உயரம் ஏற முடிந்தது, இறங்கும்போது நாணயத்தையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. கென்ய வழி யோக்கியமானது என்று நான் சொல்ல வரவில்லை. ரயில் ஒப்பந்தம் போட்ட விதம் சட்டவிரோதம் என்று 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது, 2023-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது என்றாலும். எத்தியோப்பிய வழி வீண் என்றும் சொல்ல முடியாது, ஒரு தலைமுறையில் அத்தனை சாலையும் மின்சாரமும் வேறு எப்படி வந்திருக்கும்?

எண்களைப் படிப்பவர்களுக்கு இன்னும் இரண்டு குழிகள். 2014 செப்டம்பரில் கென்யா உள்நாட்டு உற்பத்தியை மறுகணக்கிட்டபோது அது ஒரே நாளில் 25 விழுக்காடு பெருத்தது. ஒரு செங்கல்கூடக் குறையாமல் முதலீட்டு விகிதம் இறங்கியது. எத்தியோப்பிய முதலீட்டை டாலரில் பார்த்தால் 2024-க்குப் பிறகு பாதியாகச் சுருங்கியது மாதிரி தெரியும், பிரின் மதிப்பு விழுந்ததுதான் காரணம். கூடவே ஆள்கணக்கையும் மறக்கக் கூடாது. எத்தியோப்பியர்கள் 12 கோடிக்கு மேல், கென்யர்கள் அதில் பாதிக்கும் குறைவு. மொத்தத் தொகையில் பெரிதாகத் தெரியும் எத்தியோப்பிய முதலீடு தலைக்கு வகுத்தால் சட்டென்று இளைத்துவிடும்.

இப்போது நைரோபியில் ஒருவர் பெட்ரோல் போடுகிறார். லிட்டருக்கு 25 ஷில்லிங் சாலைப் பராமரிப்புத் தீர்வை. அதில் 7 ஷில்லிங்கை 2025-இல் அரசு அடகு வைத்து, ஒப்பந்ததாரர்களுக்கு வைத்திருந்த சாலைப் பாக்கிகளைத் தீர்க்க 17,500 கோடி ஷில்லிங் திரட்ட இறங்கியது. அந்தச் சாலைகளில் பல எப்போதோ முதலீட்டுக் கணக்கில் ஏறியவை, பாதியில் நிற்பவையும் உண்டு. ரயிலின் டாலர் கடனையும் அதே ஆண்டு சீன யுவானுக்கு மாற்றிக்கொண்டார்கள், வட்டி குறையும் என்று. வீட்டுக்குப் போய் அவர் விளக்கைப் போட்டால், எரிவதில் கொஞ்சம் சுஸ்வா வழியாக வந்த மின்சாரமாக இருக்கலாம். 25 ஆண்டு ஒப்பந்தம், கென்யா டாலரில் பணம் கட்டுகிறது. எத்தியோப்பியாவுக்குத் தட்டுப்பாடாக இருந்ததும் அந்த டாலர்தான்.